உன் கார் சைலன்சரில் எனக்குக் கேட்காதது

கிரி,

நீ மஸ்கட் போகிறாய் என்பதைப் பேட்டரிக் கடை ரெட்டெப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெற்ற மகன் கடல் தாண்டிப் போகிற சேதி பக்கத்துக் கடைக்காரர் வாயால் வருகிறது என்றால், அந்த அப்பன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று நீயே யோசித்துக்கொள். அதையும் அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை நான் வேறு எதற்கோ சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வெல்டிங் ராடை எடுக்கக் குனிந்துவிட்டேன். அவர் என் முன்னால் வந்து நின்று வாயைப் பெரிதாகத் திறந்து, "கிரி போதுன்னாடு அன்னா, வச்சே வாரம்" என்றார். அடுத்த வாரமே போகிறாயாம். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று கடையை மத்தியானமே மூடிவிட்டேன்.

போனில் பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். போனில் எனக்குப் பாதி கேட்பதும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்த பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. உன் அம்மாதான் சாயங்காலம் சிலேட்டை வைத்துக்கொண்டு உனக்குத் தமிழ் எழுத்தைப் பழக்கினாள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் மடித்து வைத்துவிட்டாலும் இது உன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு நேர்ந்தது உன்னால் நேரவில்லை. என்னால் நேர்ந்தது. ஒன்றரை வருஷமாக இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

என் தொழில் உனக்குத் தெரியாததல்ல. சித்தூரில் வேலூர் ரோட்டில் நின்று யாரைக் கேட்டாலும் சைலன்சர்க் கடை எங்கே என்று கையைக் காட்டுவார்கள். லாரி, டிராக்டர், பஸ் என்று எத்தனை வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெல்டிங் முடிந்ததும் ஒரு ஈரச் சாக்குத் துணியை நாலாய் மடித்துப் பின் பைப்பின் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். போக வழி இல்லாத புகை எங்காவது ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே சீறும். நான் வண்டிக்கு அடியில் ஊர்ந்துகொண்டே ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் காதை வைத்துக் கேட்பேன். அவ்வளவுதான் சோதனை. மற்ற கடைக்காரர்கள் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி நுரை வருகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அதைக் கண்டால் இளக்காரம். "கண்ணு இருக்கிறவன் சோப்பு போடுவான், காது இருக்கிறவன் எதுக்குடா போடணும்" என்று கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். நீயும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாய். என் காதை நம்பி பலமனேரிலிருந்தும் ஆட்கள் வண்டி கொண்டு வந்தார்கள் என்பதும் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உன் கார் வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே என் காது போக ஆரம்பித்துவிட்டது. முதலில் குக்கர் விசில். அம்மா பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்பு தீய்ந்து புகை வந்த பிறகுதான் ஓடினேன். "ஏழு விசில் வந்துச்சு, எருமமாடு கணக்கா உக்காந்துகினு இருக்கிற" என்று திட்டினாள். எனக்கு ஒரு விசில்கூடக் கேட்கவில்லை. அப்புறம் என் கடை வரைக்கும் கேட்கிற ரெட்டெப்பா கடை போன் அடித்தால் எனக்குத் தெரியாமல் போயிற்று. யாருக்கும் சொல்லாமல் திருப்பதிக்குப் போய் ஒரு காது டாக்டரைப் பார்த்தேன். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். ரொம்ப நேரம் விரலைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கோடு பாதி வரை நேராகப் போய், பிறகு பள்ளத்தில் இறங்கியது. சன்னமான சத்தமெல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டது, கனமான சத்தம் மட்டும் நன்றாக இருக்கிறது, கருவி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து வெல்டிங் ராடு டப்பாவின் அடியில் ஒளித்து வைத்தேன். சைலன்சர்க்காரன் காதில் மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எவன் வண்டியைக் கொண்டுவருவான் என்று நினைத்தேன். வீம்புதான், வேறொன்றும் இல்லை.

அந்த நிலைமையில்தான் நீ பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாய். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, பெங்களூரிலிருந்து அந்த ஸ்டீல் பைப் பார்சல் வந்து இறங்கியது. பளபளவென்று, உன் முழங்கை நுழைகிற வாயோடு. "இத்த மாட்டுனா பிக்கப்பு எகிறும் நைனா" என்றாய். நான் சிரித்தேன். என்ஜின் நன்றாக மூச்சுவிட வேண்டும் என்பது சரிதான். அடைத்துக்கொண்ட சைலன்சரோடு எந்த வண்டியும் இழுக்காது. ஆனால் புகை குழாயில் தண்ணீர் வருவதைப்போல ஒரே ஓட்டமாக வருவதில்லை. ஒவ்வொரு பிஸ்டனும் தள்ளத் தள்ள, விட்டு விட்டு வருகிறது. பைப் அளவாக இருந்தால் முன்னால் போகிற புகை வேகமாய் ஓடி, பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். சின்ன என்ஜினுக்குப் பெரிய பைப்பை மாட்டினால் புகை உள்ளே சோம்பிக்கொண்டு கிடக்கும். மேட்டிலும் கீழ் கியரிலும் இழுவை குறையும், மேலே நிமிஷத்துக்கு ஐந்தாயிரம் சுற்றில் மிதித்தால் கொஞ்சம் கூடும். "சித்தூர் டவுன்ல எந்த ரோட்டுலடா நீ அஞ்சாயிரம் சுத்துல போவப் போற" என்று கேட்டேன். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் பழைய சைலன்சரை வைத்துத்தான் பெட்ரோல் கணக்குப் போட்டிருக்கிறது, அதை மாற்றாமல் பைப்பை மட்டும் மாற்றினால் மைலேஜும் போகும், மஞ்சள் விளக்கும் எரியும் என்றும் சொன்னேன். இதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். சொன்ன வாயோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

நீ ஒரு வாரம் நச்சரித்தாய், அதனால் மாட்டிக் கொடுத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். ஆஸ்பத்திரியில் உன் மாமாவிடமும் நான் அப்படித்தான் சொன்னேன். அது பொய். நீ போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாயே, அதே பைப் மாட்டிய ஒரு வண்டியின் சத்தம். அதைக் கார் ஸ்பீக்கரோடு சேர்த்து வைத்து நீ கேட்க வைத்தபோது என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. கம்பெனி சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்திருப்பார்கள், சத்தம் முட்டி முட்டி அடங்கிவிடும். நீ வாங்கியதில் நேராக ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. பஞ்சு சன்னமான சத்தத்தைத்தான் குடிக்கும், கனமான சத்தத்தை வெளியே விட்டுவிடும். அந்தக் கனமான சத்தம்தான்டா எனக்கு மிச்சம் இருந்தது. மூன்று வருஷமாக எதைக் கேட்டாலும் பாதியாகவே கேட்டவனுக்கு, அது ஒன்று முழுசாகக் கேட்டது. எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. உன் ஆசையைவிட என் ஆசைதான் அன்றைக்குப் பெரிது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் யாரும் இல்லை. நீயும் நானும்தான். முன்னால் இருந்த அந்த டப்பாவை, உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்குமே, புகையில் இருக்கிற விஷத்தை முறிக்கிற டப்பா, அதையும் எடுத்துவிடலாமா என்று நீ கேட்டாய். எடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியவன் நான். அறுத்து எடுத்தவனும் நான்தான். பைப்பை ஏற்றி, பின் சீட்டுக்குக் கீழே வருகிற இடத்தில் ஜாயின்ட் அடித்தேன். மல்லாந்து படுத்துக்கொண்டு மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் அடிக்கிற வெல்டிங். முடித்ததும் ஈரத் துணியை உன்னிடம் கொடுத்து வாயை அடைக்கச் சொன்னேன். அடியில் ஊர்ந்துபோய் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. சுத்தம். நான் வெளியே வருவதற்குள் நீ குனிந்து பார்த்தாய். "உஸ்ஸுன்னு ஏதோ கேக்குது நைனா" என்றாய். "கம்ப்ரஸர் காத்துடா" என்றேன். "கம்ப்ரஸர ஆஃப் பண்ணி வச்சிகீது நைனா. ஒரு தபா சோப்புத் தண்ணி போட்டுப் பாத்துடலாமா" என்றாய். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "நேத்து பொறந்தவன் எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா, நான் பாத்த வேலைய சோப்பு போட்டுப் பாப்பியா" என்று கத்தினேன். நீ துணியைக் கீழே போட்டுவிட்டாய்.

இந்த இடத்தை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று எண்ண முடியாது. நீ கேட்டாய், நான் இல்லை என்றேன். பக்கெட்டில் தண்ணீர் இருந்தது, கை கழுவுகிற சோப்பு ஜன்னலில் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம் நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மாட்டிய அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பாகாலா பக்கம் போனோம். அந்த மேட்டில் இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவில் நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாட்டுவதற்கு முன்பும் அதே மேட்டில் பார்த்து வைத்திருந்தோம். இப்போது நாலு செகண்டு கூடுதலாக ஆயிற்று. நீ நம்பவில்லை, திருப்பிக்கொண்டுபோய் மறுபடி ஏற்றினாய், அப்போதும் அதேதான். அவ்வளவு சத்தத்துக்குள் உட்கார்ந்தால் பறக்கிற மாதிரி இருக்கும், வண்டி மட்டும் மேட்டைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்து அம்மா, "காசு குடுத்து காரு வாங்கி டிராக்டர் ஆக்கினு வந்துகீறானுங்க அப்பனும் புள்ளயும்" என்றாள். நாம் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்றைக்கு வீடு திரும்பியதும் தலைவலி என்று படுத்தாள். வெயில் என்றோம். எனக்குத் தோன்றவே இல்லை, கிரி.

டிராக்டர் என்று கேலி செய்தவளுக்கு அந்தச் சத்தம் பழகிப்போனது. சனிக்கிழமை சாயங்காலம் நீ வேலை பார்த்த திருப்பதியிலிருந்து வருவாய். தண்ணீர்த் தொட்டி மூலையில் நீ திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே தோசைக் கல்லை அடுப்பில் வைப்பாள். நீ வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி வருவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும். "பாரு, கரெக்டா வந்துட்டான்" என்று என்னைப் பார்ப்பாள். அவ்வளவு தூரத்தில் வருவது, அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் கேட்க ஆரம்பிக்கும்.

மேலே நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் கணக்கில் ஒரு இடம் தப்பாக இருக்கிறது. குளியலறையில் வழுக்கி அம்மாவின் இடது மணிக்கட்டு உடைந்தது. நான்தான் உன்னிடம், அவளைப் புத்தூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் எலும்புக்குக் கட்டு போடச் சொன்னேன். சித்திரை வெயில். அங்கே போனால் ஆந்திரா முழுக்க வந்து வரிசையில் நிற்கிறது. அவள் கை வலியோடு வெயிலில் நிற்க வேண்டாம் என்று, ஒரு மதில் நிழலில் வண்டியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுவிட்டு நீ வரிசையில் போய் நின்றாய். ஒரு மகன் தாய்க்கு இதைவிட என்ன செய்வான்? முக்கால் மணி நேரம் கழித்து முறை வந்ததும் ஓடி வந்து கதவைத் திறந்தபோது அவள் சீட்டில் சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்ததாகச் சொன்னாய். முகம் நன்றாகச் சிவந்து, ஆரோக்கியமாக இருந்ததாம். அப்படியே திருப்பதிக்கு ஓட்டிக்கொண்டு போனாய், நல்ல வேளை கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு. டாக்டர் பார்த்ததுமே வண்டிப் புகை என்று சொல்லிவிட்டார்.

நான் சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். வராந்தாவில் நீ நின்றுகொண்டிருந்தாய், சட்டையில் அம்மா எடுத்த வாந்தி. உன் மாமாவும் அத்தையும் பெஞ்சில் இருந்தார்கள். "எப்படிடா ஆச்சு" என்று மாமா கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, நீ அந்த உஸ் சத்தத்தை நினைக்கிறாய் என்று. நீ சொல்லிவிடுவாய் என்று பயந்து நான் முந்திக்கொண்டேன். "இன்னாத்த ஆவறது, இவன் சத்தத்துக்கு அலைஞ்சான், பெத்தவ உசுர வாங்கப் பாத்தான்" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். நீ, சோப்புத் தண்ணீர் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

நாலாம் நாள் அம்மா யாரும் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்குள் வந்தாள். கட்டும் போட்டுக்கொண்டாள். பிழைத்தாள் என்றுதான் நினைத்தோம். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் குழம்பில் மூன்று தரம் உப்பு போட்டாள். அடுத்த வாரம் கடைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டாள். பிறகு கால் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தாள். வேலூரில் படம் எடுத்துப் பார்த்து, புகை மூளையில் செய்த வேலை, சில பேருக்கு இப்படித் தாமதமாகத்தான் வரும், இதற்கு மேல் மோசமாகாது, சரியாவதும் சந்தேகம்தான் என்றார்கள். நீ அவளைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். நான் உன் பின்னாலேயே வந்து, "போதுமா, சத்தம் நல்லா கேட்டியா" என்றேன். அதுதான் நீ கடைசியாக வந்தது. மணிக்கட்டு சுத்தமாகச் சேர்ந்துவிட்டது. புத்தூர்க் கட்டில் ஒரு குறையும் இல்லை.

அதற்கு முன்பே, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாளே, நான் காரைக் கடைக்குக் கொண்டுவந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடியில் படுத்திருந்தேன். துணியை வைத்துப் பைப்பின் வாயை நானே அடைத்துக் கட்டி, என்ஜினை ஓடவிட்டேன். சோப்புத் தண்ணீரைத் தடவினேன். பின் சீட்டுக்குக் கீழே நான் அடித்த ஜாயின்ட்டின் மேல்பக்கம் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. குழந்தை வாயில் பால் கக்குகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. காதை அதன் மேலேயே வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நேர் மேலே வண்டியின் அடித்தகட்டில் ஒரு ரப்பர் மூடி எப்போதோ விழுந்து ஓட்டையாக இருந்தது. விஷம் நேராக அவள் உட்கார்ந்த சீட்டுக்குத்தான் போயிருக்கிறது. அந்தத் துண்டை அறுத்து எடுத்தேன். பழைய சைலன்சரை மாட்டி வண்டியை விற்றுவிட்டேன். உன் கண்ணில் காட்டக் கூடாது என்று வேகமாக விற்றேன். உன் நல்லதுக்கு என்று மாமாவிடம் சொன்னேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் பயம். பிறகு, நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாயே என்ற வெட்கம். அந்த வெட்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது. எனக்கு அது ஒன்றுதானே வரும். நகரியில் பெண் பார்த்தபோது நீ வேண்டாம் என்றதும், "அம்மாவ இப்பிடி ஆக்கினவனுக்குக் கல்யாணம் எதுக்கு" என்று மாமாவிடம் நீ சொன்னதும் என் காதுக்கு வந்தது. இது மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது மஸ்கட் போகிறாய். அந்தப் பாரத்தை அங்கேயும் தூக்கிக்கொண்டு போவாய் என்று நினைத்தால் என்னால் சோறு துன்ன முடியவில்லை.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் அப்பன், இரண்டு சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே நீ வேலை பார்க்கப்போவதும் வண்டிக் கடைதான் என்றார் ரெட்டெப்பா. கிரைண்டர் பிடிக்கும்போது காதில் பஞ்சாவது வை. உனக்குக் கீழே வேலை செய்கிறவன், நேற்று வந்தவனாக இருந்தாலும் சரி, ஏதோ கேட்கிறது என்றால் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பார். அங்கே வெயில் அதிகமாம். நின்ற வண்டிக்குள் ஏசி போட்டுக்கொண்டு தூங்காதே. உன்னிடம் ஒரு குறை வந்தால் டாக்டர் தந்த காகிதத்தைச் சுருட்டி டப்பாவில் போடாதே. நான் போன மாதம்தான் காதுக்குக் கருவி வாங்கினேன். கடையிலும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பலமனேர்க்காரன் ஒருத்தன் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமாவையும் அத்தையையும் நேற்று வீட்டுக்கு வரச் சொல்லி, அவர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை நாலு பேர் முன்னால் சொன்னதை அதே நாலு பேர் முன்னால்தானே எடுக்க வேண்டும். அத்தை எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாமா மட்டும், "பாவம்டா அந்தப் புள்ள" என்றார். எவ்வளவு திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் ஒரு முழ நீளத்துக்கு அந்தப் பைப்புத் துண்டு இருக்கிறது. நடுவில் என் வெல்டிங். ஒரு பக்கத்தை ஈரத் துணியால் அடை, மறு பக்கம் வாயை வைத்து ஊது. உனக்குக் கேட்கும். கருவியை மாட்டிக்கொண்டு நானும் நேற்று ஊதிப் பார்த்தேன், அப்போதும் எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு நீ சொன்னது சரி என்பதற்கு அது சாட்சி. கேட்ட பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடு. மஸ்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே. அது என்னுடையது.

போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. என்னைப் பார்க்க வர வேண்டாம், அம்மாவைப் பார்க்க வா. நீ வருகிற நேரத்துக்கு நான் கடையிலேயே இருந்துகொள்கிறேன். அவளுக்கு நாள் தெரியாது, என் பெயர்கூடச் சில நேரம் தெரியாது. ஆனால் சைலன்சரை மாற்றிய எந்த வண்டியாவது, எவனுடைய பைக்காவது, அந்தத் தொட்டி மூலையில் திரும்பினால் எழுந்துவிடுகிறாள். எனக்கு இப்போது அதுவும் அரைகுறையாகத்தான் கேட்கிறது, அவள் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். காலைத் தேய்த்துக்கொண்டு போய்க் கல்லை வைக்கிறாள். அடுப்பைப் பற்றவைக்க நான் கூடவே போகிறேன். மாவை ஊற்றுவது மட்டும் இன்னும் கை தப்பவில்லை. தட்டில் போட்டுக் கொண்டுவந்து வாசல் பக்கம் வைத்துவிட்டு, "கிரி வந்துட்டான்" என்கிறாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறந்துபோய் உள்ளே போய்விடுகிறாள். இன்று சாயங்காலமும் மூன்று தோசை ஊற்றினாள். எப்போதும்போல் நான்தான் எடுத்துத் துன்னேன்.

நைனா